மானிட்டரைக் குறை சொல்லும் முன்: வீட்டு ஸ்டுடியோவுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. வீட்டு ஸ்டுடியோவில் அந்தப் பழமொழி செல்லாது. அங்கே பெரும்பாலும் கூடம் உண்மையிலேயே கோணல்தான். பாஸ் (அடித்தள ஒலி) காணவில்லை, குரல் நடுவில் நிற்கவில்லை, மிக்ஸ் வெளியே போனால் வேறாகக் கேட்கிறது என்றதும் நாம் புது மானிட்டர், அதாவது மிக்ஸ் செய்யக் கேட்கும் ஸ்பீக்கர், தேடத் தொடங்கிவிடுகிறோம். புதிதாக வந்ததும் அதே மேசையில், அதே மூலையில் உட்கார்ந்து அதே குறையைக் காட்டுகிறது. ஆகவே கீழே குறைகளை அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனை மட்டும்.

குறை எதனோடு நகர்கிறது?

ஒரு பக்கத்தில் மட்டும் குறை இருந்தால், ஒலியளவைக் குறைத்துவிட்டு, இடது வலது கேபிள்களை மானிட்டர் முனையில் மாற்றிச் செருகுங்கள். குறை மறுபக்கம் தாவினால் மானிட்டர் நிரபராதி. கேபிள், இன்டர்ஃபேஸ் (கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவிலுள்ள ஒலிக்கருவி), மென்பொருள் ஆகியவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. கேபிள்களைப் பழையபடி செருகிவிட்டு இப்போது இன்டர்ஃபேஸ் முனையில் மாற்றிப் பாருங்கள். குறை நகர்ந்தால் இன்டர்ஃபேஸ் அல்லது மென்பொருள், நகராவிட்டால் கேபிள்.

முதல் மாற்றத்திலேயே குறை நகராமல் அதே பக்கத்தில் நின்றால், மானிட்டர் பெட்டிகளையே இடம் மாற்றி வையுங்கள். பெட்டியோடு குறையும் போனால் பெட்டியில் பழுது. பெட்டி போன பிறகும் குறை அங்கேயே இருந்தால் அறைதான் காரணம். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் பழுதுபார்ப்பவரிடம் போனால், நன்றாக ஓடும் மானிட்டரைக் கொடுத்து நன்றாக ஓடும் மானிட்டரையே திரும்பப் பெற்று வருவீர்கள்.

அறையில் பாஸ் அளவாக இருக்கிறது, வெளியே போட்டால் குமுறுகிறது

அதிகம் பேரை வதைக்கும் குறை இது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விதி போதும்: மிக்ஸில் எது மிகுந்திருக்கிறதோ, அது உங்கள் நாற்காலியில் குறைவாகக் கேட்கிறது. காதுக்குப் போதாததைக் கை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். காரிலும் ஹெட்ஃபோனிலும் பாஸ் குமுறினால், நீங்கள் உட்காரும் இடத்தில் பாஸ் அதிர்வெண்களில் எங்கோ ஒரு பள்ளம் இருக்கிறது.

பள்ளம் இரண்டு வழிகளில் விழும். முதலாவது, அறையின் அளவால். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நிலையலைகள் உருவாகின்றன. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதைச் சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் நிலையலையின் அதிர்வெண் கிடைக்கும். 3.5 மீட்டர் நீளமுள்ள அறைக்கு அது 49 ஹெர்ட்ஸ், 4 மீட்டர் அறைக்கு 43 ஹெர்ட்ஸ். அந்த ஒலி சுவரோரத்தில் பெருத்துக் கேட்கும், இரு சுவர்களுக்கும் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். அறையின் மையத்தில் நாற்காலியைப் போட்டு மிக்ஸ் செய்பவர்கள் கிக் டிரம்மை ஏற்றிக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறையில் இரண்டு நிலையலைகளும் ஒரே அதிர்வெண்ணில் வந்து சேர்வதால் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது, மானிட்டருக்குப் பின்னாலுள்ள சுவரால். பாஸ் ஒலி முன்னோக்கி மட்டும் பாய்வதில்லை, பெட்டியைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அந்தச் சுவரில் மோதித் திரும்பும் அலை, நேராக வரும் அலையைவிட அரை அலைநீளம் பிந்தி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். எந்த அதிர்வெண் அழியும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். மானிட்டரின் முன்முகத்திலிருந்து சுவருக்கு எத்தனை மீட்டரோ, அந்த எண்ணால் 86-ஐ வகுங்கள். 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ். பாஸ் கிதார் குடியிருக்கும் இடமே அதுதான். 30 சென்டிமீட்டர் என்றால் 290 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே.

"மானிட்டரைச் சுவரிலிருந்து தள்ளி வை" என்ற பொது அறிவுரையைச் சிறிய அறைகளில் நான் ஏற்பதில்லை. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் பள்ளத்தைப் பாஸின் நடுமையத்தில் வெட்டியதாகிவிடும். சுவருக்கு நெருக்கமாக வைத்தால் பள்ளம் மேலே போகிறது. அந்த உயர்ந்த அதிர்வெண்களில் பெட்டி பின்புறமாக வீசும் ஒலி குறைவு, சுவரில் பதிக்கும் உறிஞ்சிப் பலகையும் ஓரளவு வேலை செய்யும். நெருக்கி வைப்பதற்கு ஒரு விலை உண்டு: சுவர் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். அதற்காகத்தான் மானிட்டரின் பின்புறத்தில் பாஸைக் குறைக்கும் சிறு சுவிட்சுகள் உள்ளன. மைனஸ் 2, மைனஸ் 4 என்று எழுதியிருக்கும் அவற்றைத் தொடக்கூடாத ஏதோவென்று பலர் விட்டுவிடுகிறார்கள். தொடுங்கள். பெட்டியின் பின்புறம் காற்றுத் துளை இருந்தால் மட்டும், அது மூச்சுவிட ஒரு சாண் அளவாவது இடைவெளி விடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அறை நீளவாக்கில் இருந்தால் மானிட்டர்கள் நீளத்தை நோக்கிப் பாடும்படி, குட்டையான சுவரை முதுகாக வைத்து அமையுங்கள். மென்பொருளில் ஒரு சாதாரண சைன் ஒலியை 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை அரைச்சுரம் அரைச்சுரமாக, எல்லாம் ஒரே அளவில் ஒலிக்கவிட்டு, உங்கள் இருக்கையில் உட்கார்ந்து கேளுங்கள். எது மறைகிறது, எது சுவரையே அதிரவைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியை ஒரு கையளவு முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி கேளுங்கள். மானிட்டருக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 விழுக்காட்டுத் தொலைவு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். கதவும் சன்னலும் அலமாரியும் கணக்கைக் கலைக்கும். காதை நம்பாதவர்கள் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளையும் ஓர் அளவீட்டு மைக்கையும் கொண்டு, தலை இருக்கும் இடத்தில் அளந்து பார்க்கலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடத்தை மழுப்பாமல் பாருங்கள். அழகான கோடு வேண்டுமென்று மழுப்பினால் பள்ளமும் சேர்ந்து மறைந்துவிடும்.

அளந்த பிறகு வரும் ஆசை, ஈக்யூவால் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பள்ளத்தை நிரப்புவது. அது நடக்காது. நேர் அலையைக் கூட்டினால் திரும்பி வரும் அலையும் அதே அளவு கூடுகிறது, அழித்தல் அப்படியே தொடர்கிறது. ஊஃபர் (பாஸைத் தரும் பெரிய கூம்பு) வீணாக உழைத்து உருமும், அவ்வளவே. மேடுகளை ஈக்யூவால் குறைக்கலாம். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றமும் கனமான உறிஞ்சியும் மட்டுமே.

உறிஞ்சி என்றதும் பலர் வாங்குவது 5 சென்டிமீட்டர் முக்கோணப் பல் வைத்த ஃபோம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்கும் மேல். அந்த மெல்லிய ஃபோம் அதற்கு எம்மாத்திரம்! அது ட்ரெபிளை (உயர்ந்த அதிர்வெண் ஒலியை) மட்டும் விழுங்கும், பாஸ் முன்பைப் போலவே கூத்தாடும். அறை செத்த மாதிரி கேட்கும், நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், புதிய குறை பிறக்கும். பாஸுக்கு வேண்டியது 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கனிமக் கம்பளிப் பலகை, துணி போர்த்தியது, அறை மூலைகளில் குறுக்காக நிறுத்தி, பின்னால் காற்று இடைவெளி விட்டது. எல்லா நிலையலைகளும் மூலைகளில் உச்சம் பெறுவதால் அங்கே வைக்கும் பலகை வேறெங்கும் வைப்பதைவிட அதிகம் உழைக்கும்.

இதற்கு எதிர்: வெளியே போட்டால் பாஸே இல்லை

மேலே சொன்னதைத் திருப்பிப் படியுங்கள். இருக்கையில் பாஸ் மிகையாகக் கேட்கிறது. பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள், அல்லது மானிட்டர்கள் மூலைகளுக்குள் நுழைந்திருக்கின்றன. நாற்காலியை முன்னே இழுங்கள், பின்புற சுவிட்சைக் குறையுங்கள்.

குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது

ஒரே மைக்கில் பதிவான மானோ குரலை, பேன் (ஒலியை இடவலமாக நகர்த்தும் குமிழ்) நடுவில் வைத்து ஒலிக்கவிடுங்கள். இரண்டு மானிட்டர்களுக்கும் நடுவே வெற்றிடத்தில் ஒருவர் நின்று பாடுவது போல இருக்க வேண்டும். சாய்ந்தால், முதலில் அளவு நாடாவை எடுங்கள். இரு மானிட்டர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். வீட்டு அறைகளில் ஒரு பக்கம் 1 முதல் 1.5 மீட்டர் என்றால் போதும். ஒரு மானிட்டர் மற்றதைவிட 30 சென்டிமீட்டர் அருகில் இருந்தாலே அதன் ஒலி கிட்டத்தட்ட 1 மில்லிநொடி முந்திக்கொள்கிறது. குரல் முழுவதுமாக அந்தப் பக்கம் ஓடிவிட அது போதும். சில சென்டிமீட்டர் வித்தியாசம்கூட உணரக்கூடியதே.

அடுத்து அளவுச் சமன். பின்புறமுள்ள ஒலியளவுக் குமிழ்கள் இரண்டும் ஒரே குறியில் இருப்பது போல் தெரியும், ஆனால் இருக்காது. பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஒவ்வொரு பக்கமாக ஒலிக்கவிட்டு, கைபேசியிலுள்ள ஒலிமானியை இருக்கையில் வைத்துப் பாருங்கள். கைபேசி காட்டும் எண் துல்லியமல்ல. ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட அது தாராளம். அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள்.

மெதுவான ஒலியில் மட்டும் சாய்ந்து, ஏற்றினால் நடுவுக்கு வருகிறதா? இன்டர்ஃபேஸின் வெளியீட்டுக் குமிழ்தான் காரணம். மலிவான குமிழ்கள் அடிமட்டத்தில் இடது வலதைச் சமமாகத் திருப்புவதில்லை. மானிட்டரின் பின்குமிழைக் குறைத்துவிட்டு, இன்டர்ஃபேஸ் குமிழைப் பாதிக்கு மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

குரல் எந்தப் பக்கமும் சாயாமல், இருக்கும் இடமே தெரியாமல் தலைக்குள் பரவி, பாஸும் வற்றிப்போயிருந்தால் அது வேறு கதை. ஒரு பக்கம் துருவம் மாறியிருக்கிறது. தனி ஆம்ப்ளிஃபையருடன் இணையும் ஸ்பீக்கர்களில் சிவப்பு, கருப்பு வயர்களை ஒரு பக்கம் மட்டும் மாற்றிச் செருகினால் இப்படி ஆகும். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் மானிட்டர்களில் தவறாகப் பற்றவைத்த கேபிள் இதைச் செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தும் சாய்கிறது என்றால் பக்கச்சுவர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வாசல் என்ற அமைப்பில் சுவர்ப் பக்கம் ஒலி கூடுதலாகத்தான் வரும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கச்சுவரை ஒட்டி ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் (ட்ரெபிளைத் தரும் சிறிய பகுதி) கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே 10 சென்டிமீட்டர் கனமுள்ள பலகை ஒன்றை மாட்டுங்கள். இரண்டு பக்கமும், கூரையிலும்கூட.

தலையை அசைத்தால் ஒலியின் நிறம் மாறுகிறது

மேசையில் இடம் போதவில்லை என்று மானிட்டர்களைப் படுக்கவைத்திருந்தால் எழுப்பி நிறுத்துங்கள். ஊஃபரும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பெட்டியை நிறுத்தி வைத்தால், தலையை இடவலமாக அசைத்தாலும் இரண்டிலிருந்தும் தூரம் ஏறக்குறைய மாறாது. படுக்கவைத்தால் ஒவ்வொரு அசைவிலும் மாறும். இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும் அதிர்வெண்ணைச் சுற்றி ஒலி குழிந்து எழும். குரலின் தெளிவு இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான்.

நிறுத்திய பிறகும் மாறுகிறது என்றால் மேசைதான் காரணம். மேசைப்பலகையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 17 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணித்தால் அரை மில்லிநொடி பிந்துகிறது. விளைவு, 1000 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு, 3000-ல் இன்னொன்று, இப்படிச் சீப்புப் பல் போல. மானிட்டர்களை மேசையிலிருந்து இறக்கி, மேசைக்குப் பின்னால் தனி ஸ்டாண்டில் வைப்பது நல்ல தீர்வு. முடியாவிட்டால் பெட்டியை உயர்த்தி, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து, மேசையின் முன்விளிம்புக்கு அருகே கொண்டுவாருங்கள். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லாக் கையேட்டிலும் உள்ளது. ஆனாலும் மானிட்டர்கள் மார்பைப் பார்த்துப் பாடும் ஸ்டுடியோக்களே அதிகம்.

தொடர்ச்சியான ரீங்காரம்

மானிட்டரிலிருந்து ஒலிக் கேபிளை மட்டும் உருவுங்கள், மின்சாரம் இருக்கட்டும். ரீங்காரம் தொடர்ந்தால் மானிட்டரின் உள்ளேயே பழுது, பெரும்பாலும் மின்வழங்கிப் பகுதியில். நின்றுவிட்டால், கணினிக்கும் மானிட்டருக்கும் எர்த் இரண்டு வழிகளில் இணைந்து ஒரு வளையம் உருவாகியிருக்கிறது. அந்த வளையத்தில் மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஓசை சுற்றிச் சுற்றி வருகிறது.

முதல் மருந்து: எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவது. இரண்டாவது: சமநிலைக் கேபிள். ஒற்றைக் கருப்பு வளையமுள்ள சாதாரண ஜாக்குக்குப் பதிலாக இரண்டு கருப்பு வளையங்களுள்ள டிஆர்எஸ் அல்லது மூன்று பின் எக்ஸ்எல்ஆர். வெளியில் ஒன்று போலத் தோன்றும் இரண்டு ஜாக்குகளில் தவறானதை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் ரீங்காரத்தோடு வாழ்பவர்கள் உண்டு. மூன்றாவது: ஒலிப் பாதையில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். மின்பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ டேப் ஒட்டி மறைப்பதோ மருந்தே இல்லை. ரீங்காரம் போகும், பழுதான நாளில் உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறி உயிரும் போகும்.

மவுஸை நகர்த்தினால் கீச்சென்று ஒரு சத்தம், திரை மாறினால் இன்னொன்று என்றால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் அதுவும் இந்த வளையத்தின் உறவினர்தான். சமநிலைக் கேபிள் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

"ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல்

ட்வீட்டரில் காதை வைத்தால் கேட்கிறது, இருக்கையில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உள்ளே ஆம்ப்ளிஃபையர் உள்ள எல்லா மானிட்டரும் கொஞ்சம் சீறும். இருக்கையிலும் கேட்டால் மானிட்டரின் உள்ளீட்டு உணர்திறனைக் குறைத்து இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஏற்றுங்கள். பின்புறம் பிளஸ் 4, மைனஸ் 10 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பிளஸ் 4-க்குத் தள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 12 டெசிபல் வித்தியாசம் உண்டு.

வெடிப்பும் கரகரப்பும்

ஹெட்ஃபோனிலும் அதே இடத்தில் கேட்டால் மானிட்டரை விடுங்கள். கணினி திணறுகிறது. பஃபர் (கணினி ஒலியைத் தேக்கிவைக்கும் இடம்) அளவை ஏற்றுங்கள், மென்பொருளிலும் இன்டர்ஃபேஸிலும் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மானிட்டரில் மட்டும், சத்தமாக வைக்கும்போது மட்டும் என்றால், முன்புறச் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறது, நீங்கள் பெட்டியின் சக்திக்கு மேல் கேட்கிறீர்கள். ஒரு குறிப்பிட்ட பாஸ் சுரத்தில் மட்டும் கடகடப்பது பெரும்பாலும் மானிட்டரே அல்ல. சைன் ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கி, அறைக்குள் நடந்து, கையால் தொட்டுத் தொட்டுத் தேடுங்கள். சன்னல் கம்பி, படச்சட்டம், அலமாரிக் கதவு என்று ஏதாவது ஒன்று சிக்கும். எல்லாச் சுரத்திலும் உரசல் கேட்டால்தான் ஊஃபரைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூம்பின் இரு எதிர்ப்புறங்களிலும் விரல்களை வைத்துச் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உள்ளே சுரண்டும் ஓசை வந்தால் கம்பிச்சுருள் உரசுகிறது, பழுதுபார்க்க அனுப்பலாம். ட்வீட்டரின் குவிந்த முகப்பைத் தொடவே தொடாதீர்கள்.

வேலை நடுவில் மானிட்டர் தானாக அணைகிறது

பழுதில்லை. சிறிது நேரம் ஒலி வராவிட்டால் உறங்கிவிடும் மின்சேமிப்பு வசதி. மெல்லிய ஒலியில் மிக்ஸ் செய்பவர்களுக்கு இது தொல்லை. பின்புறத்தில் அதற்கொரு சுவிட்ச் இருக்கும், அணைத்துவிடுங்கள். போடும்போதும் நிறுத்தும்போதும் "டப்" என்று அதிர்ந்தால் வரிசை தவறு: மானிட்டரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் நிறுத்த வேண்டும்.

பாடும்போது தன் குரல் இரட்டையாகவோ குடத்துக்குள்ளிருந்தோ கேட்கிறது

இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வரும் குரலும், மென்பொருளைச் சுற்றிவரும் குரலும் ஒன்றாகக் கேட்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கே 5 மில்லிநொடிக்கு மேல் தாமதம். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். பதிவின்போது மானிட்டர்களை மௌனமாக்கி ஹெட்ஃபோனுக்கு மாறுவதையும் பழக்கமாக்குங்கள். ஊளைச் சத்தம் வந்த பிறகு ஓடிப்போய் நிறுத்துவதைவிட அது எளிது.

நேற்று இரவு நன்றாக இருந்த மிக்ஸ் காலையில் சகிக்கவில்லை

கருவியில் தேடாதீர்கள். காது எல்லா அளவிலும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள்: ஒலி மெலிய மெலிய, பாஸும் உச்ச ட்ரெபிளும் காதுக்கு வேகமாகக் குறைகின்றன. இரவு ஏற ஏற ஒலியளவையும் ஏற்றிக்கொண்டே போனால் பாஸ் நிறைவாகக் கேட்கும், நீங்கள் அதைக் குறைவாக வைப்பீர்கள். காலையில் மெதுவாகப் போட்டால் மிக்ஸ் எலும்பாக நிற்கும்.

ஓர் அளவைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். சிறிய அறையில் இருக்கையில் 73 முதல் 76 டெசிபல் வரை எனக்குச் சரியாகப்படுகிறது. எதிரே இருப்பவரோடு சற்றுக் குரல் உயர்த்திப் பேச வேண்டிய அளவு அது. அந்த இடத்தில் குமிழுக்கு அருகே பென்சிலால் கோடு போடுங்கள். சத்தமாகச் சோதிக்க வேண்டுமானால் இரண்டு நிமிடம் சோதித்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்புங்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் 85 டெசிபலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரத்தையே வரம்பாக வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அது பாதியாகும். புது மானிட்டர் கிடைக்கும், புதுக் காது கிடைக்காது.

பிடித்த பாடலோடு ஒப்பிடும்போதும் இதே பொறி காத்திருக்கிறது. மாஸ்டரிங் முடிந்து வெளிவந்த பாடல் உங்கள் மிக்ஸைவிடப் பல டெசிபல் சத்தமாக இருக்கும், அதனாலேயே சிறப்பாகத் தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்கு இறக்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

சேமித்த கோப்பு, மென்பொருளில் கேட்டது போல் இல்லை

அறையின் குறையைச் சரிசெய்யும் பிளக்-இன்னை மாஸ்டர் பாதையில் வைத்திருந்தீர்களா? ஏற்றுமதியின்போது அதை அணைக்க மறந்தால், உங்கள் அறைக்கான திருத்தம் பாட்டுக்குள்ளேயே பதிந்துவிடும். மானிட்டருக்கு மட்டும் போகும் தனிப் பாதையில் அதை வையுங்கள். பிளக்-இன்னே இல்லை என்றால், கணினியின் ஒலி அமைப்பில் "மேம்படுத்தல்" என்ற பெயரில் ஏதாவது விழித்திருக்கிறதா என்று பாருங்கள். மிக்சிங் மென்பொருள் அதைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸுக்குப் போகும், பாட்டுக் கேட்கும் செயலி அதன் வழியாக வரும்.

சப்வூஃபர் சேர்த்த பிறகு பாஸ் குறைந்துவிட்டது

கேலியாகத் தோன்றும், ஆனால் நடப்பதுதான். சப்வூஃபரும் மானிட்டரும் பங்குபோடும் அதிர்வெண்ணில், பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ், சைன் ஒலியை ஓடவிட்டு, சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. வைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, சப்வூஃபரை உங்கள் நாற்காலியில் ஏற்றிவிட்டு, நீங்கள் தரையோடு தவழ்ந்து அறையைச் சுற்றுங்கள். பாஸ் எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபர். யாரும் பார்க்காத நேரத்தில் செய்வது நல்லது.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் மானிட்டர்தான் குறை

இப்போது வாங்கலாம். பாஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். 5 அங்குல ஊஃபர் கொண்ட பெட்டிகள் 50 ஹெர்ட்ஸை ஒட்டியே களைத்துப்போகும். அது உங்கள் இசைக்குப் போதாதென்றால் பெரிய பெட்டி தேவை. ஆனால் 10 சதுர மீட்டர் அறையில் 8 அங்குலப் பெட்டியை வைத்தால், அதுவரை தூங்கிய நிலையலைகளையெல்லாம் எழுப்பிவிட்டதாகும். சிறிய அறைக்கு 5 அங்குலமும், அடித்தளத்தைச் சரிபார்க்க ஒரு நல்ல ஹெட்ஃபோனும் என்பதே என் தேர்வு.

விவரத்தாளில் "35 ஹெர்ட்ஸ் வரை" என்று இருந்தால், எத்தனை டெசிபல் சரிவில் என்று தேடுங்கள். மைனஸ் 10-ல் சொன்ன 35-ம், மைனஸ் 3-ல் சொன்ன 35-ம் வேறு வேறு. டெசிபலே போடாமல் சொன்னால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். நேர் முன்னால் அளந்த வரைபடத்தோடு, பக்கவாட்டில் அளந்த வரைபடத்தையும் பாருங்கள். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூலும் அவரோடு இருந்தவர்களும் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், எந்த ஸ்பீக்கர் என்று கேட்பவருக்குத் தெரியாதபடி நடத்திய சோதனைகளால் காட்டியது இதுதான்: நேராகச் சமமாகவும், பக்கவாட்டில் சீராகக் குறைந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே கேட்பவர்கள் விரும்புகிறார்கள். பக்கவாட்டு ஒலிதான் சுவரில் பட்டு உங்களிடம் திரும்பி வருகிறது. துளை முன்புறம் இருக்கும் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பாதிப்பில்லை என்று விற்பவர் சொன்னால், மேலே போட்ட 86 கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கணக்கில் துளைக்கு வேலையே இல்லை.

வரைபடம் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட உலகம் இடிந்துவிடாது. யமஹா என்எஸ்-10, 1978-ல் வீட்டில் பாட்டுக் கேட்கவென்று வந்தது. பாஸ் சொற்பம், நடு அதிர்வெண்கள் துருத்திக்கொண்டு நிற்கும், ட்வீட்டரின் காது கூசும் ஒலி தாங்காமல் அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கொண்டார்கள். ஆனாலும் 2001-ல் தயாரிப்பு நிற்கும்வரை, அதன் பிறகும், எத்தனையோ ஸ்டுடியோக்களில் அதுவே நிரந்தரம். மூடிய பெட்டி என்பதால் பாஸ் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று நிற்கும். எது எப்படிக் கேட்கும் என்று பொறியாளர்களுக்கு மனப்பாடமும் ஆகிவிட்டது.

கடையில் பத்து மானிட்டர்களை வரிசையாக வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதால் அதிகம் தெரியாது, அது கடையின் அறையைக் கேட்பதாகும். திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்கி, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகத் தெரிந்த ஐந்தாறு பாடல்களை ஒரே ஒலியளவில் கேளுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மாகோலையும் அதுவரை எறிய வேண்டாம்.